ஒத்து ஊத ஆளில்லாத கிளாரினெட்

நியூயார்க்கில் ஞாயிறுதோறும் கூடும் ஒரு பழம்பொருள் சந்தையில், ஓடாத கடிகாரங்களுக்கும் கறுத்துப்போன வெள்ளிக் கரண்டிகளுக்கும் நடுவே, 70 டாலருக்கு ஒரு கிளாரினெட்டை வாங்கினேன். பெட்டியைத் திறந்தபோது பாச்சை உருண்டை வாசனை குப்பென்று அடித்தது. யாரோ தாமதமாகப் போட்டிருக்கிறார்கள். அதற்குள் பூச்சிகள் துளைகளை அடைக்கும் பேட்களைத் தின்று முடித்திருந்தன. மேல் குழலில் உச்சியிலிருந்து கீழ்நோக்கி 4 சென்டிமீட்டர் விரிசல். செய்தவரின் முத்திரை தேய்ந்து வெறும் வட்டமாகியிருந்தது. விற்றவர் நேர்மையானவர். "இதை ஊத முடியாது, மேசை விளக்குக்குத் தண்டாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

நான் கவனித்தவை இரண்டு. வழக்கமான பி ஃபிளாட் கிளாரினெட்டைவிட நீளம் குறைவு. ஆகவே இது சி கிளாரினெட். துளைகளை மூடித் திறக்கும் உலோகக் கீகள் 13, கீழ்க் குழலில் இரண்டே வளையங்கள். ஆகவே பிரஸ்ஸல்ஸில் கருவி செய்த யூஜீன் ஆல்பர்ட்டின் பெயரால் வழங்கும் பழைய விரலமைப்பு. கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. இரண்டு பேர் வாசிப்பதாக இருந்த கச்சேரி ஒருவர் கச்சேரியாக மாறியது அந்த ஒன்றினால்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

எனக்கு சி கிளாரினெட் தேவைப்பட்டதற்குக் காரணம் கிளெஸ்மர். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கல்யாண இசை அது. கருவி, பாத்திரம் என்று பொருள்படும் 'க்ளே', பாட்டு என்று பொருள்படும் 'ஜெமர்' என்ற இரண்டு எபிரேயச் சொற்கள் யித்திஷ் மொழியில் ஒட்டிக்கொண்டு பிறந்த பெயர். உக்ரைன், பெஸ்ஸராபியா, கலீசியா பக்கத்துச் சிற்றூர்களில் பிடில்தான் தலைமை வகித்தது. கிளாரினெட் 19ஆம் நூற்றாண்டில் குழுவுக்குள் நுழைந்தது. கப்பலேறி நியூயார்க் வந்த பிறகு பிடிலைப் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டது. ஆனால் பழைய ஏடுகளில் இருப்பவை பெரும்பாலும் பிடில்காரர்களின் மெட்டுகள். கீவ் நகரின் வெர்னாட்ஸ்கி நூலகத்தில் அப்படிப்பட்ட கையெழுத்துப் பிரதிகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. சூஸ்மன் கிசெல்கோஃப் 1912க்கும் 1914க்கும் இடையில் ஊர் ஊராகச் சென்று சேர்த்தவையும், மகோனோவெட்ஸ்கி என்ற கிளெஸ்மர் பிடில்காரரின் ஏடும் அவற்றில் உண்டு. 2020 முதல் உலகம் முழுவதும் உள்ள தன்னார்வலர்கள் அவற்றைப் படித்து, அச்சுச் சுரக்குறிப்பாக மாற்றி வருகிறார்கள். பி ஃபிளாட் கிளாரினெட்டில் அவற்றை வாசிக்க ஒவ்வொரு சுரத்தையும் மனத்துக்குள் ஒரு படி ஏற்றிக்கொண்டே போக வேண்டும். சி கிளாரினெட்டில் எழுதியிருப்பதை அப்படியே ஊதலாம். சோம்பேறித்தனம் என்றால் சோம்பேறித்தனம்தான்.

பல்செட் கட்டுவது என் தொழில். மெழுகு, சாந்து, ஸ்பிரிட் விளக்கு, ஊசி முனைக் கருவிகள் எல்லாம் கைக்குப் பழகியவை. ஒரு கிளாரினெட் என்ன செய்துவிடும் என்று நினைத்தேன்.

திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. முதல் திருகாணியை அவசரப்பட்டுத் திருகித் தலையைச் சிதைத்தேன். அதற்குப் பிறகு புத்தி வந்தது. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஓரிரவு வைப்பது; மறுநாள் சால்டரிங் அயர்ன் முனையைத் திருகாணித் தலையில் 10 விநாடி வைத்துச் சூடேற்றுவது; ஆறிய பிறகு திருப்புளியை நேராக அழுத்தித் திருப்புவது. இரும்பு விரிந்து சுருங்கும்போது துருவின் பிடி விட்டுவிடுகிறது. கழற்றிய கீகளை ஓர் அட்டையில் கிளாரினெட் படம் வரைந்து அதனதன் இடத்திலேயே குத்தி வைத்தேன். இந்த அட்டை இல்லாமல் ஆரம்பிப்பவர்களை நான் மதிக்கிறேன், ஆனால் பின்பற்றமாட்டேன். ஒரு பட்டை ஸ்பிரிங் கையோடு முறிந்து வந்தது. சந்தையில் அதே ஆளிடம் 2 டாலருக்கு ஓர் ஓடாத கடிகாரம் வாங்கி, அதன் வில்லை வெட்டித் தேய்த்துப் போட்டேன். நன்றாகவே வேலை செய்கிறது.

விரிசல்தான் பெரிய தலைவலி. கிளாரினெட் செய்யும் ஆப்பிரிக்கக் கருமரம் தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியானது. ஊதும்போது உள்பக்கம் ஈரமாகி உப்பும். வெளிப்பக்கம் காய்ந்தே இருக்கும். நியூயார்க்கில் குளிர்காலம் முழுக்க நீராவி ரேடியேட்டர் அறையைச் சுடுகாட்டுக் காற்றாக வறுத்துக்கொண்டிருக்கும். உள்ளே உப்பல், வெளியே வறட்சி. மரம் எங்காவது விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். காய்ந்து வாய் பிளந்த நிலையில் பசை ஊற்றக் கூடாது என்பதால், மேல் குழலை ஆரஞ்சுத் தோலோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வைத்தேன். தோலை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். 9 நாளில் விரிசல் மயிரிழையாக ஒடுங்கிவிட்டது.

அந்த 9 நாளும் எனக்கு டேவ் டாராஸ் நினைவுதான். உக்ரைனின் டெர்னோவ்காவில் பிறந்து, ஜார் மன்னரின் ராணுவப் பேண்டில் ஊதி, 1921இல் நியூயார்க்கில் வந்து இறங்கியவர். எல்லிஸ் தீவில் குடியேறிகளின் மூட்டைகளுக்குப் புகை போட்டபோது அவருடைய கிளாரினெட் பாழாகிவிட்டது. இசையை விட்டு, ஃபர் தொழிற்சாலையில் வேலைக்குப் போனார். பிறகு எப்படியோ ஒரு கருவி கைக்கு வந்து, அமெரிக்கக் கிளெஸ்மரின் பெரும் பெயர்களில் ஒன்றானார். ஆரஞ்சுத் தோலில் தீர்கிற துன்பம் எனக்கு வாய்த்திருக்கிறது என்று சமாதானப்பட்டுக்கொண்டேன்.

விரிசலுக்குள் மிக மெல்லிய உடனடிப் பசையை விட்டேன். அது தானாகவே உள்ளே ஓடும் என்பது தெரியும். எவ்வளவு தூரம் ஓடும் என்பது தெரியாது. குழலின் உள்சுவர் வரை ஓடி அங்கே ஒரு முத்தாக உறைந்துவிட்டது. துடைக்கும் துணி அதில் மாட்டிக் கிழிந்தபோதுதான் கண்டுபிடித்தேன். ஒரு மரக்குச்சியில் மிக நுண்ணிய உப்புத்தாளைச் சுற்றி, அந்த முத்தை மட்டும் தேய்த்தெடுக்க முழுதாக ஒரு மாலை ஆனது. உள்விட்டத்தில் மயிரளவு கூடினாலும் சுரம் மாறும் என்ற பயம் வேறு. விரிசல் ஒரு கமகக் கீயின் துளை விளிம்பையும் அறுத்துக்கொண்டு போயிருந்தது. விளிம்பில் பள்ளம் இருந்தால் எந்தப் பேட்டும் அடைக்காது. கருமரத் தூளைப் பசையோடு குழைத்து அடைத்து, பல்லைச் செதுக்கும் பர் ஒன்றால் சமன் செய்தேன். முதல் தடவை அதிகமாகச் செதுக்கிவிட்டேன். இரண்டாம் தடவை சரியாக வந்தது.

பேட் ஒட்ட அரக்கு. ஆம், பாண்டவர்களை எரிக்கத் துரியோதனன் கட்டச் சொன்ன மாளிகையின் அதே அரக்குதான். கீயின் கிண்ணத்தில் ஒரு துண்டு வைத்து விளக்கில் காட்டினால் இளகும். பேட்டை வைத்து அழுத்தி, துளையின்மேல் அமர்த்தி, ஆறுவதற்குள் கோணத்தைத் திருத்திக்கொள்ளலாம். தவறினால் மறுபடியும் சூடேற்றலாம். மன்னிக்கத் தெரிந்த பொருள். பழைய கிண்ணங்கள் ஆழம் குறைந்தவை என்பதால் இன்று கடையில் கிடைக்கும் சாதாரண பேட்கள் தடித்துப்போய் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டன. மெல்லிய ரகத்தைத் தேடி வாங்க வேண்டியிருந்தது. சோதனைக்குச் சிகரெட் தாள். 2 மில்லிமீட்டர் அகலத்துக்கு நறுக்கி, பேட்டுக்கும் துளைக்கும் நடுவில் வைத்து, கீயை லேசாக மூடி, தாளை இழுக்க வேண்டும். நான்கு திசையிலும் ஒரே அளவு பிடிப்பு இருக்க வேண்டும். வடக்கே பிடித்து தெற்கே நழுவினால், மறுபடி விளக்கு.

கடைசியாக உறிஞ்சிப் பார்க்கும் சோதனை. எல்லாத் துளைகளையும் விரலால் மூடி, அடிவாயை உள்ளங்கையால் அடைத்து, மேலிருந்து உறிஞ்சினால், உள்ளே வெற்றிடம் சில விநாடியாவது நிற்க வேண்டும். மேல் குழல் நின்றது. கீழ்க் குழல் நிற்கவேயில்லை. பேட்களைக் குறை சொல்லி மூன்று மாலைகளை வீணாக்கிய பிறகுதான் உண்மை தெரிந்தது: வளையங்களை விரல் அழுத்தும்போது அதோடு சேர்ந்து மூட வேண்டிய சிறு பேட், மூடுவதற்கு முன்பே வளையம் மரத்தில் முட்டி நின்றுவிடுகிறது. வளையத்தின் அடியிலிருந்த கார்க்கைக் கால் மில்லிமீட்டர் தேய்த்தேன். தீர்ந்தது.

புதிதாக ஒட்டிய மரத்தை உடனே மணிக்கணக்கில் ஊதக் கூடாது. முதல் வாரம் நாளுக்கு 10 நிமிடம், அடுத்த வாரம் 20. அந்த 10 நிமிடத்தில்தான் நான் கவனிக்கத் தவறியது காதில் விழுந்தது. பியானோவோடு ஒத்துப்பார்க்க ஏ சுரத்தை ஊதினேன். பற்களைக் கடித்துக்கொள்ளத் தோன்றும் ஓர் இடைவெளி. சுருதி மீட்டர் 45 சென்ட் அதிகம் காட்டியது. ஏறக்குறைய அரைச்சுரத்தில் பாதி.

பழைய கருவிகளில் இரண்டு சுருதிகள் இருந்தன. இன்றைய ஏ-440க்கு, அதாவது ஏ சுரத்துக்கு விநாடிக்கு 440 அதிர்வு என்ற அளவுக்கு, பக்கத்தில் ஒன்று. பேண்டு வாத்தியக்காரர்கள் விரும்பிய, ஏ-452ஐ ஒட்டிய உயர் சுருதி இன்னொன்று. உயர் சுருதி அமெரிக்காவில் 1920களில் மெல்ல வழக்கொழிந்தது. 1939இல் லண்டனில் நடந்த மாநாட்டில் 440 உலக அளவாக ஏற்கப்பட்டது. வழக்கொழிந்த கருவிகள் மட்டும் ஒழியவில்லை. பழம்பொருள் சந்தைகளில் என்னைப் போன்றவர்களுக்காகக் காத்திருக்கின்றன. வாங்கும் முன் ஓர் அளவுநாடாவால் குழலை அளந்திருந்தாலே தெரிந்திருக்கும்.

குழலை நீட்டினால் சுருதி இறங்குமே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்து, பல்செட் செய்யும் அக்ரிலிக்கில் 6 மில்லிமீட்டர் கூடுதல் நீளமுள்ள பேரல் (ஊதுமுனைக்கும் மேல் குழலுக்கும் நடுவே செருகும் துண்டு) ஒன்றை வார்த்தேன். பார்க்க அழகாகவும் இருந்தது, ஈறு நிறத்தில். ஆனால் எல்லாத் துளைகளையும் மூடி ஊதும் அடி ஈ சுரத்துக்குக் குழல் அரை மீட்டர் நீளம். அதில் 6 மில்லிமீட்டர் ஒரு பொருட்டல்ல, 20 சென்ட்தான் இறங்கியது. நடு ஏ சுரத்துக்கோ பயன்படும் குழல் ஒரு சாணுக்குக் குறைவு. அதே 6 மில்லிமீட்டர் அங்கே 50 சென்ட் இறக்கிவிட்டது. எல்லாச் சுரமும் ஒன்றோடொன்று சண்டை போட்டன. உயர் சுருதிக் கருவியில் துளைகளின் இடமே வேறு. தலையை மட்டும் நீட்டித் திருத்த முடியாது. அந்த இளஞ்சிவப்பு பேரல் இப்போது மேசையில் பென்சில் தாங்கி.

அக்கார்டியன் வாசிக்கும் என் நண்பரோடு மார்ச் மாதம் ஒரு கிளை நூலகத்தின் கூட்ட அறையில் வாசிப்பதாகத் தேதி வாங்கியிருந்தோம். ஒருமுறை சேர்ந்து வாசித்துப் பார்த்தோம். நான்கு தாளத்துக்கு மேல் இருவராலும் தாங்க முடியவில்லை. "என் அக்கார்டியனில் இருநூற்றுச் சொச்சம் நாக்குகள். உங்கள் ஒருவருக்காக அத்தனையையும் அரமெடுத்துத் தேய்க்க முடியாது" என்றார். நியாயம்தான். என் பழைய பி ஃபிளாட் கிளாரினெட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்; அவரும் அதைத்தான் சொன்னார். ஆனால் நான்கு மாதம் கையும் கண்ணுமாகப் பார்த்த கருவியை வீட்டில் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. துணைக்கு யாரும் இல்லாவிட்டால் சுருதி யாரோடு ஒத்துப்போக வேண்டும்? தனியாக வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வயிற்றைக் கலக்கியது.

விரலமைப்பு பழக ஆறு வாரம் ஆனது. என் விரல்கள் இன்று வழக்கமான போயம் விரலமைப்பு முறையில் பழகியவை. அதில் வலது ஆள்காட்டி விரலை வைத்தால் எஃப். ஆல்பர்ட்டில் அதே விரல் எஃப் ஷார்ப். முதல் வாரம் முழுக்க அபஸ்வரம். ஆனால் அதிலேயே ஒரு லாபமும் இருந்தது. கிளெஸ்மரின் தலையாய சுர வரிசை ஃப்ரேகிஷ்: டியில் தொடங்கினால் டி, ஈ ஃபிளாட், எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி ஃபிளாட், சி. நம்மூர்க் கணக்கில் வகுளாபரணத்தின் சுரங்கள். அதன் உயிரே அந்த எஃப் ஷார்ப்தான். அது இப்போது ஒரே விரலில் வந்து நிற்கிறது. வளையமில்லாத திறந்த துளைகளில் விரலை நழுவவிட்டுச் சறுக்குவதும் எளிது. பழைய கிளெஸ்மர்கள் பலர் ஏன் இந்த முறையை விடவில்லை என்பது மூளைக்குப் புரியும் முன்பே விரலுக்குப் புரிந்தது. நஃப்துலே பிராண்ட்வைன் கலீசியாவிலிருந்து 1908இல் நியூயார்க் வந்தவர். தன் விரல் வித்தையை மற்றவர்கள் பார்த்துத் திருடிவிடக் கூடாது என்று சபைக்கு முதுகைக் காட்டி வாசிப்பார் என்று கதை சொல்வார்கள். என் விரல்களை எத்தனை பேர் பார்த்தாலும் நஷ்டமில்லை.

வகுளாபரணம் என்றதும் நான் செய்த தவறையும் சொல்லிவிட வேண்டும். தனியாக வாசிப்பதால் பின்னால் ஏதாவது ஒலிக்கட்டும் என்று மின்னணுச் சுருதிப் பெட்டியை எடுத்தேன். அதில் சுருதியை நுணுக்கித் திருத்தும் குமிழ் இருக்கிறதே. 45 சென்ட் ஏற்றினால் என் கிளாரினெட்டோடு கச்சிதமாகச் சேர்ந்தது. ஒரு வாரம் அப்படியே பயிற்சி செய்தேன். அக்கார்டியன் நண்பர் கேட்டுவிட்டு, "நன்றாக இருக்கிறது, ஆனால் யாருக்குக் கல்யாணம் என்றுதான் தெரியவில்லை" என்றார். பதிவு செய்து கேட்டபோது எனக்கும் உறைத்தது. சுருதி நிற்க நிற்க நான் சுரங்களை நீட்டி, அசைத்து, ராகம் பாட ஆரம்பித்திருந்தேன். கிளெஸ்மர் மெட்டு ஓரிடத்தில் நிற்பதில்லை. அடியில் டி மேஜரிலிருந்து ஜி மைனருக்கும் சி மைனருக்கும் நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த நகர்வை அசையாத ஆதார சுருதி அமுக்கிவிடுகிறது. சுரங்கள் ஒன்றாக இருப்பதால் இசை ஒன்றாகிவிடாது. மி ஷெபேராக் என்ற இன்னொரு சுர வரிசை ஹேமவதியோடு பொருந்துகிறது என்று கண்டுபிடித்து நான் துள்ளியது, அந்த மெட்டைக் கெடுக்க மட்டுமே உதவியது. பெட்டியை அணைத்தேன். ஒத்து ஊதவும் ஆளில்லை என்று ஆனது.

அலங்காரங்களில் கிரெக்ட்ஸ் முக்கியமானது. விம்மல் என்று பொருள். ஒரு சுரம் முடியும் நுனியில் மேல் சுரத்தைத் தொட்டும் தொடாமலும் விரலைத் தூக்கி, அதே கணத்தில் தொண்டையில் காற்றை நிறுத்த வேண்டும். அழுது ஓய்ந்த குழந்தை தூக்கத்தில் ஒரு விசும்பு விசும்புமே, அந்த அளவு. கமகம் சுரத்துக்குள் நடக்கிறது. இது சுரத்தின் வாலில் நடக்கிறது. அதிகம் போட்டால் விக்கல். 1920களின் பதிவுகளைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டுத்தான் பழகினேன். ஆனால் நேர்மையாகச் சொன்னால், இது கடினமே அல்ல. உதடும் தொண்டையும் இரண்டு மாதத்தில் கற்றுக்கொள்ளும் விஷயம். கடினமானது மூச்சு எடுப்பது.

சிரிக்க வேண்டாம். குழுவோடு வாசிக்கும்போது அடியில் செகுண்ட் என்ற துணைப் பிடிலோ அக்கார்டியனோ தாளத்தை வெட்டிக்கொண்டிருக்கும், சிம்பல் என்ற தந்திக் கருவியில் சிறு சுத்தியல்கள் ஓடும், போய்க் என்ற முரசு அதிரும். கிளாரினெட்காரர் எங்கே மூச்சு வாங்கினாலும் இசை ஓடிக்கொண்டே இருக்கும். பழைய பதிவுகளில் மூச்சிடங்களைத் தேடித் தோற்றதும் இதனால்தான். பின்னால் இருப்பவர்கள் அவற்றைப் பூசி மெழுகிவிடுகிறார்கள். தனியாக ஊதும்போது நான் மூச்சு எடுத்தால் கல்யாணமே நின்றுவிடுகிறது. இரண்டாவது நாளே ஃப்ரெய்லெக்ஸ் என்ற வேக நடன மெட்டொன்றைப் பதிவு செய்து கேட்டேன். ஆட்டக்காரர்கள் எட்டு தாளத்துக்கு ஒருமுறை பள்ளத்தில் விழுவது போல இருந்தது. மூச்சை உள்ளிழுத்துக்கொண்டே கன்னத்துக் காற்றை வெளியே தள்ளும் சுற்று மூச்சை முயன்றேன். ஒலி நிற்கவில்லை, ஆனால் வரியின் முடிவே தெரியாமல் எல்லாம் ஒரே கயிறாகத் திரிந்துபோனது. ஆட வேண்டியவர்களுக்குக் காலை எங்கே வைப்பது என்று தெரிய வேண்டாமா?

வழி கடைசியில் ஹோராவிலிருந்து கிடைத்தது. ஜோக் என்றும் சொல்வார்கள். மூன்று எண்ணிக்கைக் கொண்ட நொண்டி நடை: துணைக் கருவிகள் ஒன்றிலும் மூன்றிலும் மட்டும் ஒலிக்கும், இரண்டு காலியாக இருக்கும். அந்தக் காலியிடத்தில் மூச்சு எடுத்தபோது ஏதும் நின்றதாகவே தோன்றவில்லை. மாறாக நொண்டல் இன்னும் தெளிவாகக் கேட்டது. அப்படியென்றால் மற்ற நடைகளிலும் காலியிடத்தை நானே உண்டாக்கலாம். புல்கர் நடையை எட்டு எண்ணிக்கையை 3, 3, 2 என்று பிரித்து எண்ணலாம். அந்தக் கடைசி இரண்டில் வரும் சுரத்தை விழுங்கிவிட்டு அங்கே மூச்சு. அந்தக் கணம் வலது குதிகாலால் தரையில் ஒரு தட்டு. சுரம் போன இடத்தில் தாளம் வந்து உட்கார்ந்தது. ஏட்டில் உள்ள எல்லாச் சுரங்களையும் வாசிக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டதும் மெட்டு ஆடத் தொடங்கியது. ஏடு முழுக்கச் சிவப்புப் பென்சிலால் காற்புள்ளிகள் போட்டேன். ஒரு ஃப்ரெய்லெக்ஸுக்கு மட்டும் 41. கீழ்வீட்டுக்காரர் குதிகால் தட்டைப் பற்றி ஒரு சீட்டு எழுதி ஒட்டினார். அதற்குப் பிறகு மடித்த கம்பளியின்மேல் தட்டினேன்.

நிகழ்ச்சி 50 நிமிடம். முதலில் கல்யாண நாள் காலையில் வாசிக்கும் டோப்ரிடென், கீவ் ஏடுகளிலிருந்து. பிறகு கோசிட்ல் என்ற நிதான நடை நடன மெட்டு ஒன்று. பிறகு காலே பசெட்ஸ்ன்: மணப்பெண்ணை உட்கார வைக்கும் சடங்கு இசை. பாத்கன் என்ற கல்யாணக் கவிராயர் பாடிப் பாடி மணப்பெண்ணை அழவைக்க வேண்டும். கருவிகள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். பாத்கன் இல்லாததால் அவர் வரியையும் நானே தாழ்ந்த குரலில் ஊதி, பதிலை மேல் சுரத்தில் ஊதினேன். ருமேனியாவிலிருந்து வந்த தாளமற்ற தொய்னாவுக்குத் துணைக் கருவிகள் ஒரே கூட்டுச் சுரத்தைப் பிடித்து நிற்பது வழக்கம். நான் ஒவ்வொரு வரியின் முடிவிலும் அடி டியை நீளமாக ஊதி நிறுத்தினேன், கேட்பவர் காதில் அது சிறிது நேரம் தங்கும் என்ற நம்பிக்கையில்.

பிராண்ட்வைன் 1923இல் பதிவு செய்த 'ஃபிர்ன் தி மெக்குடோனிம் அஹெய்ம்' இல்லாமல் முடியாது. ஆங்கிலத்தில் இதை மொழிபெயர்க்கத் திணறுகிறார்கள். 'மெக்குடோனிம்' என்ற உறவுக்கு அங்கே சொல் இல்லை. நமக்கு அந்தத் தொல்லையே கிடையாது: சம்பந்திகளை வீட்டுக்குக் கொண்டுபோய் விடுதல். கல்யாணக் களைப்போடு, பேச்சு தீர்ந்துபோன இரண்டு குடும்பங்கள் தெருவில் நடக்கும் நடை அது. சம்பந்தி என்ற சொல் தெரிந்தவர்களுக்கு அந்த மெட்டில் இருக்கும் மரியாதையும் லேசான மிதப்பும் உடனே பிடிபடும்.

புதியவை இரண்டு, நானே எழுதியவை. ஒன்று, மெட்டு முழுக்க இரண்டாம் எண்ணிக்கையில் மட்டுமே மூச்சு விடும் ஒரு ஜோக். இன்னொன்று என் கருவியின் குறையிலிருந்து வந்தது. நூறு வருடத் தேய்மானத்தில் கீகள் தடதடக்கும். எவ்வளவு எண்ணெய் விட்டாலும் நிற்காது. அந்தச் சத்தத்தையே போய்க் முரசாக்கி, ஊதாமல் கீகளை மட்டும் தட்டித் தொடங்கி, மெல்ல மெல்ல அதற்குள் காற்றை விடும் ஒரு தெர்கிஷர், அதாவது துருக்கிப் பாணி மெட்டு. நண்பருக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு இதுதான் பிடித்திருந்தது.

அன்று கூட்ட அறையில் 34 மடக்கு நாற்காலிகள். 20க்கு மேல் நிரம்பியிருந்தன. பெரும்பாலும் முதியவர்கள், சிலர் பக்கத்து அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்து எட்டிப் பார்த்தவர்கள். மூலையில் ரேடியேட்டர் சீறிக்கொண்டிருந்தது. கோசிட்லின் நடுவில் ஒரு துளையில் நீர் தேங்கிச் சுரம் கொப்பளித்தது. நிறுத்தி, சிகரெட் தாளை எடுத்து பேட்டின் அடியில் வைத்து ஒற்றினேன். முன்வரிசை மூதாட்டி ஒருவர் அதைக் கவனமாகப் பார்த்துவிட்டு, "என் அப்பாவும் தையல் இயந்திரத்தை இப்படித்தான் இடைஇடையே துடைப்பார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், எனக்குக் கை நடுக்கம் போனது.

ஃப்ரெய்லெக்ஸ் வந்தபோதுதான் எதிர்பாராதது நடந்தது. இரண்டாவது வரியிலேயே அந்த மூதாட்டி கைதட்ட ஆரம்பித்தார், தாளத்தில் அல்ல, தாளங்களுக்கு நடுவே, செகுண்ட் விழும் இடத்தில். வரிசை முழுக்கச் சேர்ந்துகொண்டது. நான் 41 காற்புள்ளிகள் போட்டு வைத்திருந்த பள்ளங்களை எல்லாம் அவர்கள் நிரப்பிவிட்டார்கள். என் குதிகாலும் அவர்கள் கையும் மோதின. விழுங்கிப் பழகிய சுரங்கள் இருந்த இடங்கள் இப்போது மொட்டையாகத் தெரிந்தன. அடுத்த சுற்றில் குதிகாலை நிறுத்தினேன், விழுங்கியவற்றைத் திரும்ப வாசிக்க முயன்றேன், பாதி வந்தது, பாதி விரலைச் சொதப்பியது. மூச்சு எங்கே எடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பதிவில் தேடினேன், கைதட்டலில் கேட்கவில்லை.

முடிந்ததும் அவரே வந்தார். "நன்றாக வாசித்தீர்கள். ஆனால் ஆடுவதற்குக் கொஞ்சம் வேகம் அதிகம். கால் வயசாகிறது, உங்கள் விரல் போல அல்ல" என்றார். அடுத்த முறை ஷெர் வாசிக்கச் சொன்னார். ஷெர் நான்கு ஜோடிகள் சதுரமாக நின்று ஆடும் ஆட்டம். எல்லா ஜோடியும் ஒருமுறை சுற்றி வரும் வரை இசை நிற்கக் கூடாது.

மறுநாள் கருவியைப் பிரித்தபோது விரிசலின் மேல் நுனி 3 மில்லிமீட்டர் மறுபடி திறந்திருந்தது. ரேடியேட்டரின் வேலை. அடி ஈ சுரத்தின் பேட்டும் ஓரத்தில் கிழிந்திருக்கிறது. மேல் குழல் இப்போது ஆரஞ்சுத் தோலோடு பைக்குள் இருக்கிறது. இன்றோடு நான்காம் நாள். இந்த முறை பசையை ஊசி முனையில் தொட்டு, குழலைச் சாய்த்துப் பிடித்து, பாதி அளவுதான் விடப்போகிறேன்.